ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் ஓர் ஊருக்கு 8000 மி.மீ., இன்னோர் ஊருக்கு 200 மி.மீ.: மழையைக் கணிப்பது எப்படி?

கோட்டுப்படம் (கேள்வி கேட்பவர்; கீழே ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் புனைபெயர்)

உலக வரைபடத்தில் ஏதாவது ஒரு புள்ளியைக் காட்டினால், அங்கே ஆண்டுக்கு எவ்வளவு மழை, எந்த மாதங்களில் என்று தோராயமாகச் சொல்லும் பயிற்சி ஒன்றைத் தயாரிக்கிறேன். பாடப்புத்தக விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நிலநடுக்கோட்டில் மிகுதி, 30 பாகையில் பாலைவனம், 50–60 பாகையில் மறுபடி மழை, துருவத்தில் வறட்சி. இதை வைத்துக்கொண்டு இறங்கினால் பாதி இடங்களில் இடிக்கிறது.

கொலம்பியாவின் கிப்தோ 5.7° வடக்கில் இருக்கிறது, சுமார் 8000 மி.மீ. கென்யாவின் லோட்வார் 3° வடக்கு, நிலநடுக்கோட்டுக்கு இன்னும் பக்கம். ஆனால் 200 மி.மீ.தான்.

லிமா 12° தெற்கு. கடலோரம், ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், ஆனால் மழை 10 மி.மீ. சொச்சம். அதே கண்டத்தின் மறுகரையில், 13° தெற்கில் உள்ள சால்வடோருக்குச் சுமார் 2000 மி.மீ.

செரபுஞ்சி 25° வடக்கு, 11,777 மி.மீ. எகிப்தின் அஸ்வான் 24° வடக்கு, ஏறக்குறைய 1 மி.மீ.

1. அட்சரேகைக்கு அடுத்து எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில்?
2. கடலை ஒட்டியே பாலைவனம் எப்படி? குளிர் நீரோட்டம் என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள், அது போதுமா?
3. 250 மி.மீ.க்குக் கீழே என்றால் பாலைவனம் என்று கோடு போடலாமா?

---

மேகத்தடம்

முதலில் ஒரு கணக்கு. பூமியின் தலைக்கு மேலே இருக்கும் நீராவி முழுவதையும் பிழிந்து தரையில் பரப்பினால் சராசரியாக 25 மி.மீ. ஆழம்தான் தேறும். உலகின் ஆண்டுச் சராசரி மழையோ ஏறக்குறைய 1000 மி.மீ. அப்படியென்றால் வானத்தில் உள்ள நீர் ஆண்டுக்குச் சுமார் 40 முறை கொட்டி மறுபடி நிரம்புகிறது. ஒரு தடவைக்கு ஒன்பது நாள். ஆகவே ‘காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது’ என்பது இரண்டாவது கேள்வி. ‘அந்தக் காற்றை மேலே ஏற்ற என்ன இருக்கிறது, ஈரம் தொடர்ந்து வந்து சேர்கிறதா’ என்பதே முதல் கேள்வி.

நம்பிக்கை வராவிட்டால் கோடைக்காலச் சகாராவைப் பாருங்கள். அங்கே வானத்தில் உள்ள நீராவி, குளிர்காலத்தில் வடமேற்கு ஐரோப்பாவின் வானத்தில் இருப்பதைவிட அதிகம். ஐரோப்பாவில் நாள்கணக்கில் தூறுகிறது, சகாராவில் ஒரு சொட்டு இல்லை. ஏற்றிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான். ஈரமே போதவில்லை என்பது முதல் காரணமாக வரும் இடம் துருவம். 30° செல்சியஸ் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10° காற்று 9 கிராம். கழித்தல் 30° காற்று அரை கிராம்கூடத் தாங்காது. அண்டார்க்டிகாவின் உள்பகுதிக்கு ஆண்டுக்கு 50 மி.மீ. நீருக்குச் சமமான பனிகூட விழாததற்கு இதுவே காரணம்.

காற்று ஏறினால் அழுத்தம் குறைகிறது, விரிகிறது, குளிர்கிறது. மேகம் கட்டும்வரை கிலோமீட்டருக்கு 9.8° வீதம். தரையில் வெப்பநிலைக்கும் பனிவிழுநிலைக்கும் (காற்று குளிரும்போது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் மீட்டரில் கிடைக்கும். 25° வெப்பம், 21° பனிவிழுநிலை என்றால் 500 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு மலைச்சரிவு இருந்தாலே போதும். இறங்கும் காற்றுக்கு எல்லாம் தலைகீழ்: அதே வீதத்தில் சூடேறும், ஒப்பு ஈரப்பதம் சரியும், மேகம் கரையும்.

இனி வரிசை. நான் பரிந்துரைப்பது இது:

முதலில் ஜனவரி, ஜூலை என இரண்டு மாதங்களுக்குத் தனித்தனியாகப் பாருங்கள். ஆண்டு முழுமைக்கும் ஒரே படம் வைத்துக்கொள்வதுதான் பாடப்புத்தக விதி இடிப்பதற்குப் பெரிய காரணம். இரு அரைக்கோளங்களிலிருந்தும் நிலநடுக்கோட்டை நோக்கி வீசும் வியாபாரக் காற்றுகள் சந்தித்து மேலெழும் பட்டை (அயன இடை ஒருங்கல் மண்டலம், இனி ‘ஒருங்கல் பட்டை’) நிலநடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதில்லை. அதன் ஆண்டுச் சராசரி இடம் சுமார் 6° வடக்கு. ஜூலையில் தெற்காசியாவில் 25° வடக்கு வரை ஏறும்; ஜனவரியில் தெற்கு ஆப்பிரிக்கா, வட ஆஸ்திரேலியா பக்கம் 15° தெற்கையும் தாண்டும். ஆனால் கிழக்குப் பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் பெரும்பாலும் வடக்கிலேயே தங்கிவிடும். பட்டை இரண்டு முறை கடக்கும் நைரோபிக்கு மார்ச்–மே, அக்டோபர்–டிசம்பர் என இரண்டு மழைக்காலம். அதன் வட விளிம்பில் இருக்கும் நைஜரின் நியாமிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்றே ஒன்று.

இரண்டாவது, அந்த மாதத்தில் காற்று எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்தா, நிலத்திலிருந்தா? கடலிலிருந்து என்றால் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வெந்நீர்ப் பரப்பின் மேல் வந்திருக்கிறது?

மூன்றாவது, வழியில் மலை உண்டா, நம் புள்ளி அதற்கு எந்தப் பக்கம்? நியூசிலாந்தின் மில்ஃபர்ட் சவுண்டுக்கு ஆண்டுக்கு 6500 மி.மீ.க்கு மேல். மலைத்தொடரைத் தாண்டி, 150 கி.மீ.கூட இல்லாத தொலைவில் உள்ள அலெக்சாண்ட்ராவுக்குச் சுமார் 350. ஹவாயின் கவாய் தீவில் வயாலேயாலே உச்சிக்கு 10,000 மி.மீ. அளவில்; 25 கி.மீ. தள்ளி, காற்றுமறைவில் இருக்கும் கெகாஹாவுக்கு 500 மி.மீ. அளவில்தான்.

நான்காவதாகக் கரையோரக் கடலின் வெப்பநிலை. ஐந்தாவதாகக் கடலிலிருந்து தூரம். கடைசியாகத்தான் தூரம், ஏனென்றால் அது தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. அமேசானின் மேற்குக் கோடி அட்லாண்டிக்கிலிருந்து 3000 கி.மீ.க்கும் மேல் உள்ளே இருக்கிறது, ஆனாலும் நனைகிறது. காடு குடித்த நீரைத் திரும்ப ஆவியாக விடுவதால் ஒரே நீர் பலமுறை மழையாகிறது.

மலை விஷயத்தில் பலர் செய்யும் தவறு: உயர உயர மழை கூடிக்கொண்டே போகும் என்று எண்ணுவது. ஹவாயில் வியாபாரக் காற்றின் தலைக்கு மேலே சுமார் 2000 மீட்டரில் ஒரு வெப்பத் தலைகீழ் அடுக்கு (உயரே போகப்போகக் குளிராமல் வெப்பம் கூடும் காற்றடுக்கு) மூடிபோல நிற்கிறது. அடிவாரத்தில் ஹீலோவுக்கு 3000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. 4200 மீட்டர் உயர மௌனா கீ உச்சிக்குச் சுமார் 200 மட்டும். உச்சி அந்த மூடிக்கு வெளியே நிற்கிறது.

---

நீரோட்டம்

மேகத்தடம் சொன்ன வரிசையோடு உடன்படுகிறேன். ஆனால் குளிர் நீரோட்டத்தை நான்காவதாகத் தள்ளியதற்குக் காரணம் சொல்லியிருக்கலாம். அது பாலைவனத்தை உருவாக்குவதில்லை. ஏற்கெனவே வறண்டதை இன்னும் இறுக்கிப் பூட்டுகிறது.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று பூட்டுகள். மேலே, ஹாட்லி சுற்றோட்டத்தின் இறங்கும் கிளை. நிலநடுக்கோட்டில் 15 கி.மீ. உயரம் வரை ஏறிய காற்று 20–30 பாகையில் இறங்கி, சூடேறி, உலர்ந்துபோகிறது. கிழக்கே ஆண்டிஸ், அட்லாண்டிக் ஈரத்தை மறுபக்கமே வடித்துவிடுகிறது. கீழே ஹம்போல்ட் குளிர் நீரோட்டமும், கரைக்கு இணையாக வீசும் தென்காற்று மேற்பரப்பு நீரை அப்புறம் தள்ளுவதால் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரும். கடலைத் தொடும் காற்று குளிர்ந்து கனக்கிறது, அதன் மேல் இறங்கிவரும் வெதுவெதுப்பான காற்று மூடியாகிறது. ஈரம் அந்த மூடிக்குக் கீழே சில நூறு மீட்டருக்குள் சிக்கித் தாழ்மேகமாகவும் மூடுபனியாகவும் நிற்கும், மழைத்துளி அளவுக்கு வளராது. லிமாவின் ‘கருவா’ தூறல் இதுதான். சிலியின் அரிகாவின் ஆண்டுச் சராசரி 0.76 மி.மீ.; அங்கே 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை 173 மாதங்கள் மழையே பதிவாகவில்லை. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் கரையில் பெங்குவெலா நீரோட்டம் இதே வேலையைச் செய்கிறது.

குளிர் நீரோட்டம் மட்டும் போதும் என்றால் அமெரிக்காவின் மேற்குக் கரை முழுக்கப் பாலைவனமாக இருக்க வேண்டும். கலிபோர்னியா நீரோட்டமும் குளிர்ந்ததுதான். ஆனால் வாஷிங்டன் மாநிலக் கரையில், 48 பாகையில், மேலைக்காற்றும் (மேற்கிலிருந்து வீசுவது) புயல் தடமும் இருப்பதால் ஹோ மழைக்காட்டுக்கு 3500 மி.மீ. அளவில் கிடைக்கிறது. ஏற்றிவிட ஆள் இருந்தால் குளிர்கடல் தடுக்க முடியாது.

சால்வடோர் ஏன் நனைகிறது? எல்லாம் எதிர்ப்பக்கம். வியாபாரக் காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது, கரையை ஒட்டி வெந்நீரோட்டம், மூடி பலவீனம்.

இனி கிப்தோ–லோட்வார். இது நல்ல ஜோடி. கிப்தோவில், தென்கிழக்கு வியாபாரக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி மேலைக்காற்றாகிவிடுகிறது. பசிபிக்கின் வெந்நீர்ப் பரப்பிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு நேராகப் போய் மேற்கு ஆண்டிஸ் சரிவில் மோதுகிறது. போதாததற்கு ஒருங்கல் பட்டை அந்தப் பக்கத்தை விட்டு அதிகம் நகர்வதே இல்லை. ஈரம், சரிவு, எழும் காற்று மூன்றும் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில்.

லோட்வாரில் மூன்றும் கைவிடுகின்றன. ஜூன்–செப்டம்பரில் தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியக் கரைக்கு இணையாக ஓடி, ஈரத்தைத் தெற்காசியாவுக்குக் கொண்டுபோகிறது, உள்ளே நுழைவதில்லை. அந்தக் காற்றே கரையோரக் குளிர்நீரையும் மேலே இழுத்துவிடுகிறது. உள்ளே வரும் காற்று எத்தியோப்பிய உயர்நிலத்துக்கும் கென்ய உயர்நிலத்துக்கும் இடையிலான பள்ளத்தாக்கில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது, மறுபக்கம் விரிந்து பரவுகிறது. தரைமட்டத்தில் காற்று விரிந்தால் மேலிருந்து இறங்கித்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். இறங்கினால் மழை இல்லை. ஒருங்கல் பட்டையும் அங்கே நிற்பதில்லை. இரண்டு தடவை அவசரமாகக் கடந்துபோகிறது.

---

கோட்டுப்படம்

மிக்க நன்றி. செரபுஞ்சி–அஸ்வான் மட்டும் பாக்கி. மூன்றாவது கேள்வியும். கூடவே ஒரு தொல்லை: ஒரே ஊருக்கு நாலு தளங்கள் நாலு எண் தருகின்றன. எதை எடுப்பது?

---

மேகத்தடம்

செரபுஞ்சி: வங்காள விரிகுடாவிலிருந்து வரும் காற்று வங்காளதேசச் சமவெளியில் தடையில்லாமல் 300–400 கி.மீ. வந்து, காசி மலையின் செங்குத்தான தென்முகத்தில் சுமார் 1300 மீட்டர் ஏறுகிறது. பள்ளத்தாக்குகள் புனல்போலக் குவித்துவிடுகின்றன. மலையின் பின்பக்கம் ஷில்லாங், நேர்கோட்டில் 40 கி.மீ.கூட இல்லை, அங்கே 2200 மி.மீ. அளவில்தான். மழை மறைவுக்கு இதைவிடப் பளிச்சென்ற எடுத்துக்காட்டு கிடையாது.

அஸ்வானுக்கு வெறும் ‘30 பாகை’ விளக்கம் பாதிதான். கோடையில் ஹாட்லியின் இறங்கும் கிளை வட அரைக்கோளத்தில் பலவீனம்; அப்படியிருக்க சகாராவும் கிழக்கு மத்தியதரைக் கடலும் கோடையில்தான் அதிகம் காய்கின்றன. ஆசியப் பருவமழையில் வெளிப்படும் உள்ளுறை வெப்பம் (நீராவி துளியாகும்போது வெளிவருவது) மேலடுக்கில் ஒரு பெரிய அலையைக் கிளப்பி, மேற்கே காற்றை இறங்கவைக்கிறது. செரபுஞ்சியில் கொட்டுவதும் அஸ்வானில் கொட்டாததும் தனித்தனிக் கதைகள் இல்லை.

உங்கள் ‘50–60 பாகையில் மழை’ விதியும் இப்படியே உடையும். தென் அமெரிக்காவின் தென்கோடியில் படகோனியாவின் மேற்குமுகம் 4000 மி.மீ. தாண்டும், கிழக்கில் ரியோ கயேகோஸுக்கு 250 அளவில். அட்சம் ஒன்றேதான், நடுவில் ஆண்டிஸ்.

---

மழைமானி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 250 கோடு வேண்டாம். 250 மி.மீ. மழை சைபீரியாவில் காட்டை வளர்க்கும், சகாரா ஓரத்தில் புல்லைக்கூடக் காப்பாற்றாது. வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் கோப்பன் காலநிலை வகைப்பாட்டின் எல்லைதான் கையால் போடக்கூடிய எளிய கணக்கு:

ஆண்டுச் சராசரி வெப்பநிலையை (செல்சியஸ்) 20ஆல் பெருக்குங்கள். மழையில் 70 சதவீதமோ அதற்கு மேலோ கோடை அரையாண்டில் பெய்தால் 280 கூட்டுங்கள். 30 முதல் 70 சதவீதத்துக்குள் என்றால் 140. 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் எதுவும் கூட்ட வேண்டாம். வருவது மி.மீ.யில் எல்லை. ஆண்டு மழை அதற்குக் கீழே இருந்தால் வறண்ட நிலம். எல்லையில் பாதிக்கும் கீழே என்றால் பாலைவனம்.

லண்டன்: சுமார் 11°, மழை ஆண்டு முழுக்கப் பரவல். 220 + 140 = 360. பெய்வது 600 அளவில், ஆக ஈரநிலம். நியாமி: சுமார் 29°, கோடை மழை. 580 + 280 = 860; பாதி 430. பெய்வது 540 அளவில், ஆக அரைவறட்சி. கிட்டத்தட்ட ஒரே மழை, இரண்டு வேறு உலகம்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: கோடை அரையாண்டு என்பது வடக்கில் ஏப்ரல்–செப்டம்பர், தெற்கில் அக்டோபர்–மார்ச். அட்டவணையில் ஒரே சூத்திரத்தை இழுத்துவிட்டால் தென் அரைக்கோளம் முழுக்கக் கெட்டுப்போகும். இன்னொன்று, மிக வெப்பமான மாதமே 10° தாண்டாத துருவப் பகுதிகளுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அவை தனி வகை.

எண்கள் வேறுபடுவதற்கு வருவோம். முதல் காரணம், ஆண்டு வரம்பு. முப்பது ஆண்டுச் சராசரி எடுப்பது வழக்கம். 1961–1990க்கும் 1991–2020க்கும் எண் மாறும். வரம்பு குறிப்பிடாத எண்ணை விட்டுவிடுங்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே வரம்பு இருக்கட்டும்.

இரண்டாவது, கருவியே குறைத்துப் பிடிக்கும். காற்று மழைமானியின் வாயைச் சுற்றிச் சுழலும்போது சிறு துளிகள் விலகிப்போகும். மழைக்குச் சில சதவீதம் நஷ்டம்; காற்றோடு விழும் பனிக்குப் பாதிகூடப் போகலாம். ஆகவே உயர் அட்சங்களின் பழைய எண்கள் குறைவாகத்தான் இருக்கும். பனியை நீராக்கிக் கணக்கிடுவதும் தோராயமே: 10 மி.மீ. பனிக்கு 1 மி.மீ. நீர் என்பது பொதுவான மாற்று, ஆனால் உலர்ந்த பனிக்கும் ஈரப்பனிக்கும் இது வெகுவாக மாறும்.

மாணவர்களை வைத்து அளக்கும் எண்ணம் இருந்தால்: 1 மி.மீ. என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 127 மி.மீ. விட்டமுள்ள மானியில் 1 மி.மீ. மழை 12.7 மி.லி.; 203 மி.மீ. விட்டத்தில் 32.4 மி.லி. ஒரு மானியின் அளவுக்குவளையை இன்னொன்றுக்கு மாற்றிப் பயன்படுத்தினால் இரண்டரை மடங்கு பிழை வரும். வராமல் இருப்பது அபூர்வம்.

மூன்றாவது, செயற்கைக்கோள். 2014 பிப்ரவரியில் ஏவப்பட்ட, உலக மழையை அளக்கும் ஜி.பி.எம். செயற்கைக்கோளையும் அதன் கூட்டாளிகளையும் வைத்து 0.1 பாகைக் கட்டத்தில், அரைமணிக்கு ஒரு தரம் மழை வரைபடம் கிடைக்கிறது. கடலுக்கு அதுதான் கதி. உலகின் மழைமானி வாய்களையெல்லாம் ஒன்றாக அடுக்கினாலும் அரைக் கால்பந்து மைதானத்தை நிரப்பாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் ஊகம்தான். ஆனால் நிலத்தின் மேல் செயற்கைக்கோள் பெரும்பாலும் மேகத்தில் உள்ள பனித்துகள்களை வைத்தே மழையை ஊகிக்கிறது. மலைச்சரிவில் உயரம் குறைந்த மேகத்திலிருந்து கொட்டும் மழையில் பனித்துகள் குறைவு, அதைத் தவறவிடும். கிப்தோ போன்ற இடங்களுக்குத் தரைமானியை நம்புங்கள்.

வரைபடத்தில் சமமழைக் கோடுகளை (மழை அளவு ஒன்றாக உள்ள இடங்களை இணைப்பவை) 500, 1000, 1500 என்று சம இடைவெளியில் போடாதீர்கள். 100, 250, 500, 1000, 2000, 4000 என்று ஏறக்குறைய இரட்டிப்பாகும் வரிசையே பொருந்தும். மலைக்கு இருபுறமும் உள்ள இரண்டு மானிகளுக்கு நடுவே நேர்கோட்டில் பங்கிட்டு எண் போடுவதும் கூடாது. ஷில்லாங்குக்கும் செரபுஞ்சிக்கும் நடுவில் 7000 என்று போட்டால் அது கற்பனை.

கடைசியாக, சராசரியே ஏமாற்றும் இடங்கள் உண்டு. பெருவின் வடகரையில் 1982–83, 1997–98 எல் நினோ (கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும்) ஆண்டுகளில் பாலைவனத்தில் வெள்ளம் ஓடியது. அந்த ஓரிரு ஆண்டுகள் முப்பதாண்டுச் சராசரியை மேலே தூக்கிவிடும். அங்கே இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள். ஈரமான நாடுகளில்கூட மழை சீராக விழுவதில்லை. 1999–2014 தரவில், இடைநிலையில் உள்ள ஒரு நிலையத்துக்கு ஆண்டு மழையில் பாதி, அதிக மழை பெய்த 12 நாளிலேயே வந்துவிட்டது.

---

கோட்டுப்படம்

எண்ணைப் பார்க்காமல் மூன்று இடம் போட்டேன். நார்வேயின் பெர்கன், 60° வடக்கு: மேலைக்காற்று, வெதுவெதுப்பான கடல், உடனே மலை. 2000க்கு மேல், இலையுதிர்–குளிர்காலத்தில் உச்சம். மங்கோலியாவின் உலான்பாதர்: நடுநிலம், குளிர்காலத்தில் உயர் அழுத்தம், கோடையில் மட்டும் கொஞ்சம். 250 அளவில். ஆஸ்திரேலியாவின் டார்வின், 12° தெற்கு: ஒருங்கல் பட்டை இரண்டு முறை கடக்கும், எனவே இரண்டு உச்சம். 1500.

---

நீரோட்டம்

முதல் இரண்டும் சரி. டார்வினில் அளவு பக்கத்தில் வந்துவிட்டது (சுமார் 1700), காலம் தவறு. பட்டை அங்கே ஜனவரி–பிப்ரவரியில் எட்டித் திரும்புகிறது. போவதற்கும் வருவதற்கும் இடைவெளி சில வாரங்களே என்பதால் இரண்டு உச்சமும் ஒன்றாக ஒட்டிவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம், ஜூலையில் கிட்டத்தட்ட சுழியம். இரண்டு உச்சம் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் புள்ளி நிலநடுக்கோட்டிலிருந்து ஏழெட்டு பாகைக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஒன்று என்று போடுங்கள், பெரும்பாலும் பிழைக்காது.